ஆறு நிமிட நடை

நடந்து காட்டச் சொல்கிறார்களே!

ஒரு குடும்பத்தை நினைத்துக்கொள்வோம். சொந்த ஊர் விழுப்புரம் பக்கம். மகனுக்கு வேலை புனேயில். புனே மகாராஷ்டிர மாநிலத்தில் உள்ள பெரிய நகரம். மகன் அங்கே ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறார். மனைவியோடும் பிள்ளைகளோடும் பிம்ப்ரியில் குடியிருக்கிறார்.

ஊரிலிருந்து அம்மா வந்தார். வயது 62. கொஞ்ச நாளாக வயிற்று வலி. உடம்பும் இளைத்துவிட்டது. மகன் மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். பெருங்குடலில் கட்டி இருப்பது தெரிந்தது.

"பெரிய ஆபரேஷன் செய்ய வேண்டும்" என்றார் டாக்டர்.

ரத்தம் எடுத்தார்கள். எக்ஸ்ரே எடுத்தார்கள். ஈ.சி.ஜி. எடுத்தார்கள். அதோடு முடியவில்லை. ஒரு நர்ஸ் அம்மாவை நீளமான தாழ்வாரத்துக்கு அழைத்து வந்தார். தரையில் கோடு போட்டிருந்தார்கள். இரண்டு முனையிலும் நாற்காலி இருந்தது. நர்ஸ் இந்தியில் பேசினார். மருமகள் தமிழில் சொன்னார்.

"அத்தை, இந்தக் கோட்டுக்கும் அந்தக் கோட்டுக்கும் ஆறு நிமிஷம் நடக்கணுமாம். ஓட வேணாமாம். முடிஞ்ச வேகத்துல நடந்தா போதுமாம். மூச்சு வாங்கினா நின்னுக்கலாமாம்."

"ஏம்மா, வயித்துல கட்டின்னு வந்தவள நடந்து காட்டச் சொல்றாங்களே! நான் என்ன பந்தயத்துக்கா வந்தேன்?"

"தெரியல அத்தை. நடந்துட்டு வாங்க. அப்புறம் டாக்டரையே கேட்டுடுவோம்."

அம்மா கேட்டது நியாயமான கேள்வி. ஆபரேஷன் வயிற்றில். பரீட்சை காலுக்கா?

இல்லை. பரீட்சை காலுக்கு மட்டும் அல்ல. இதயத்துக்கு, நுரையீரலுக்கு, ரத்தத்துக்கு, தசைகளுக்கு. எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான். எப்படி என்று பார்ப்போம்.

ஆபரேஷன் முடிந்த பிறகு

ஆபரேஷன் என்றதும் கத்தியும் மயக்க மருந்தும்தான் நமக்கு நினைவுக்கு வரும். ஆபரேஷன் அறைக் கதவு திறந்து, "நல்லபடியாக முடிந்தது" என்று டாக்டர் சொன்னால் போதும். குலதெய்வத்தைக் கும்பிட்டுவிட்டு நிம்மதி அடைவோம்.

ஆனால் அதன் பிறகு வரும் நாட்களும் முக்கியம். பல சிக்கல்கள் அந்த நாட்களில்தான் வருகின்றன. நெஞ்சில் சளி கட்டி நிமோனியா வரலாம். இதயத் துடிப்பு தாறுமாறாகலாம். மாரடைப்பு வரலாம். தையல் போட்ட இடத்தில் சீழ் பிடிக்கலாம். காலில் ரத்தம் உறைந்து கட்டியாகலாம். சிறுநீரகம் சரியாக வேலை செய்யாமல் போகலாம்.

இவை எல்லோருக்கும் வருவதில்லை. யாருக்கு வரும்? முன்கூட்டியே தெரிந்தால் தடுக்கப் பார்க்கலாம். தடுக்க முடியாவிட்டாலும் தயாராக இருக்கலாம்.

அதே புனேயில், 1924-இல்

புனேயில் சசூன் மருத்துவமனை என்று ஒரு பெரிய அரசு மருத்துவமனை இருக்கிறது. 150 ஆண்டுகளுக்கு மேல் பழமையானது. டேவிட் சசூன் என்ற யூத வணிகர் கொடுத்த நன்கொடையில் எழுந்தது. அங்கே நடந்த ஓர் ஆபரேஷன் நம் நாட்டு வரலாற்றில் இடம் பெற்றுவிட்டது.

1922-இல் வெள்ளைக்கார அரசு மகாத்மா காந்திக்கு ஆறு ஆண்டு சிறைத் தண்டனை கொடுத்தது. புனேயில் உள்ள எரவாடா சிறையில் அடைத்தது. 1924 ஜனவரியில் காந்திக்குக் கடுமையான வயிற்று வலி வந்தது. காய்ச்சலும் இருந்தது. குடல்வால் அழற்சி என்று டாக்டர் கண்டுபிடித்தார். அந்த டாக்டர் கர்னல் மேடக் என்ற ஆங்கிலேயர்.

ஜனவரி 12-ஆம் தேதி காந்தியை சசூன் மருத்துவமனைக்குக் கொண்டு வந்தார்கள். பம்பாயிலிருந்து தமக்குத் தெரிந்த டாக்டர்கள் வந்தால் நல்லது என்று காந்தி நினைத்தார். அதற்கு நேரம் இல்லை. அன்று இரவே ஆபரேஷன் செய்தாக வேண்டும்.

அப்போது காந்தியின் பக்கத்தில் ஒரு தமிழர் இருந்தார். அவர் வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியார். புனேயில் இருந்த இந்திய ஊழியர் சங்கத்தின் தலைவர். ஆபரேஷனுக்குச் சம்மதம் தெரிவிக்கும் கடிதத்தை அவர்தான் எழுதினார். எழுதியதை காந்திக்குப் படித்துக் காட்டினார். காந்தி கேட்டார். பிறகு பென்சிலை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். அவர் கை நடுங்கிக்கொண்டிருந்தது.

ஆபரேஷன் தொடங்கியது. வெளியே இடியும் மழையும். பாதியில் மின்சாரம் நின்றுவிட்டது. நர்ஸ் டார்ச் விளக்கைப் பிடித்தார். அதுவும் அணைந்துவிட்டது. கடைசியில் அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் ஆபரேஷனை முடித்தார்கள். காந்தி பிழைத்துக்கொண்டார்.

கதை அதோடு முடியவில்லை. ஆபரேஷன் செய்த இடத்தில் சீழ் கட்டி வந்தது. உடம்பு தேறுவதற்கு நாள் ஆனது. உடல்நிலையைக் காரணம் காட்டி அரசு பிப்ரவரி 5-ஆம் தேதி அவரை விடுதலை செய்தது.

காந்திக்கு அப்போது வயது 54. தினமும் நடக்கும் பழக்கம் உள்ளவர். சாப்பாட்டில் கட்டுப்பாடு உள்ளவர். ஆபரேஷன் செய்தவரும் கைதேர்ந்தவர். அப்படியும் சிக்கல் வந்தது. நல்ல உடம்புக்கும் சிக்கல் வரலாம். ஆனால் அதைத் தாங்கி எழுந்திருக்க உடம்பில் வலு வேண்டும். காந்தி எழுந்தார். ஆறு ஆண்டு கழித்து, 1930-இல், உப்பு எடுக்க தண்டிக்கு நடந்தார். சுமார் 385 கிலோமீட்டர் தூரம். அப்போது அவருக்கு 60 வயது முடிந்திருந்தது.

1924-இல் காந்தியை நடக்கவைத்துப் பார்க்க யாருக்கும் நேரம் இல்லை. அது அவசர ஆபரேஷன். இன்றும் அவசர ஆபரேஷனில் அப்படித்தான். உயிரைக் காப்பதுதான் முதல் வேலை. ஆனால் பல பெரிய ஆபரேஷன்களுக்கு முன்கூட்டியே தேதி குறிக்கிறார்கள். சில நாட்களோ சில வாரங்களோ கையில் இருக்கும். அந்த நாட்களை வீணாக்கக் கூடாது.

மலை ஏறும் ரயில்

மும்பையிலிருந்து புனேக்கு ரயிலில் போனால் நடுவில் மலை வரும். கர்ஜத் நிலையம் வரை சமதரை. அதன் பிறகு செங்குத்தான ஏற்றம். லோனாவ்லா போய்ச் சேரும் வரை மலைப்பாதைதான்.

கர்ஜத்தில் பல ரயில்களுக்குப் பின்னால் கூடுதல் எஞ்சின் மாட்டுவார்கள். முன்னால் உள்ள எஞ்சின் இழுக்கும். பின்னால் உள்ள எஞ்சின் தள்ளும். சமதரையில் ஓர் எஞ்சின் போதும். மலையில் போதாது. இது மலை ஏறத் தொடங்குவதற்கு முன்பே தெரியும். பாதி மலையில் நின்ற பிறகு எஞ்சின் தேடுவதில்லை.

பெரிய ஆபரேஷனும் உடம்புக்கு ஒரு மலை ஏற்றம்தான். வெட்டிய இடம் ஆற வேண்டும். கிருமிகளோடு சண்டை போட வேண்டும். இதற்கெல்லாம் உடம்புக்கு அதிக பிராணவாயு தேவை. அதைத்தான் ஆக்சிஜன் என்கிறோம். சும்மா படுத்திருக்கும்போது தேவைப்படுவதைப் போல ஒன்றரை மடங்கு தேவைப்படலாம். அதுவும் ஒரு மணி நேரத்துக்கு அல்ல. சில நாட்களுக்கு.

பிராணவாயுவை உள்ளே இழுப்பது நுரையீரல். அதைச் சுமப்பது ரத்தம். எல்லா இடத்துக்கும் தள்ளி அனுப்புவது இதயம். வாங்கிச் செலவழிப்பது தசைகள். வேகமாக நடக்கும்போதும் இந்த நாலும் சேர்ந்துதான் உழைக்கின்றன. நடையைத் தாங்கும் உடம்பு ஆபரேஷனையும் ஓரளவு தாங்கும். நடக்கும்போதே திணறும் உடம்புக்குக் கூடுதல் எஞ்சின் தேவை.

அதனால்தான் அம்மாவை நடக்கச் சொன்னார்கள்.

என்னென்ன பரிசோதனைகள்?

எல்லா மருத்துவமனையிலும் எல்லாப் பரிசோதனையும் இருக்காது. எல்லா நோயாளிக்கும் எல்லாம் தேவையும் இல்லை. முக்கியமானவை நாலு.

ஒன்று: கேள்விகள். "தண்ணீர்க் குடம் தூக்குவீர்களா? வீடு பெருக்குவீர்களா? நிற்காமல் இரண்டு மாடி ஏறுவீர்களா? மேட்டில் நடந்தால் மூச்சு வாங்குகிறதா?" டாக்டர் இப்படிக் கேட்பார். இது ஊர்க் கதை பேசுவது அல்ல. இதுவும் ஒரு பரிசோதனைதான். 12 கேள்விகள் கொண்ட ஒரு பட்டியலே இருக்கிறது. அதை 1989-இல் அமெரிக்காவில் உருவாக்கினார்கள்.

இரண்டு: படி ஏறுதல். நோயாளி படி ஏறுவார். கூடவே ஒருவர் வருவார். எத்தனை மாடி ஏற முடிகிறது என்று பார்ப்பார். அமெரிக்காவில் 83 நோயாளிகளை இப்படிப் பார்த்தார்கள். நெஞ்சிலும் மேல் வயிற்றிலும் பெரிய ஆபரேஷனுக்கு வந்தவர்கள் அவர்கள். 2001-இல் முடிவு வெளிவந்தது. ஒரு மாடி கூட ஏற முடியாதவர்களில் 100-க்கு 89 பேருக்குப் பிறகு சிக்கல் வந்தது. ஏழு மாடி ஏறியவர்களில் ஒருவருக்குக் கூட வரவில்லை.

புனேயில் பர்வதி குன்று இருக்கிறது. மேலே பழைய கோயில்கள். ஏறுவதற்கு 103 படிகள். காலையில் பலர் உடற்பயிற்சிக்காக ஏறி இறங்குகிறார்கள். நம் ஊர்களிலும் குன்றுக் கோயில்கள் உண்டு. "போன வருஷம் நிக்காம ஏறினேன். இந்த வருஷம் நாலு தடவை உக்காந்தேன்" என்று சிலர் சொல்வார்கள். டாக்டருக்கு அது நல்ல செய்தி. அதை அவரிடம் சொல்ல வேண்டும்.

மூன்று: ஆறு நிமிட நடை. பெரும்பாலும் 30 மீட்டர் நீளத் தாழ்வாரத்தில் நடத்துவார்கள். விரல் நுனியில் ஒரு சிறு கருவி மாட்டுவார்கள். அது நாடித் துடிப்பையும் ரத்தத்தில் உள்ள பிராணவாயுவையும் காட்டும். ஆறு நிமிடத்தில் எத்தனை மீட்டர் நடந்தார் என்று குறித்துக்கொள்வார்கள். செலவு மிகக் குறைவு. ஒரு கடிகாரமும் அளவு நாடாவும் விரல் கருவியும் போதும்.

நாலு: சைக்கிள் பரிசோதனை. இந்த சைக்கிள் நகராது. ஒரே இடத்தில் நிற்கும். நோயாளி மிதிக்க வேண்டும். வாயையும் மூக்கையும் மூடி ஒரு முகமூடி மாட்டுவார்கள். போகும் மூச்சையும் வரும் மூச்சையும் கருவி அளக்கும். மிதிப்பது போகப் போகக் கடினமாகும். சுமார் பத்து நிமிடம் நடக்கும். இதற்கு விலை உயர்ந்த கருவி வேண்டும். பெரிய மருத்துவமனைகளில்தான் இருக்கும்.

பரிசோதனை நடக்கும்போது நெஞ்சு வலித்தால் உடனே சொல்ல வேண்டும். தலை சுற்றினாலும் சொல்ல வேண்டும். உடனே நிறுத்திவிடுவார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு நடக்கக் கூடாது. இதில் பரிசு இல்லை. ஆபரேஷனுக்குக் காத்திருப்பவர் வீட்டிலேயே படி ஏறிச் சோதித்துப் பார்க்கவும் கூடாது. டாக்டர் சொன்ன பிறகுதான் செய்ய வேண்டும்.

மெல்போர்னில் கண்டது

இந்தக் கணிப்பு உண்மையிலேயே பலிக்கிறதா? ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் என்ற நகரம் இருக்கிறது. அங்கே டாக்டர் பால் ஓல்டரும் அவருடைய தோழர்களும் இதைப் பார்த்தார்கள். பெரிய வயிற்று ஆபரேஷனுக்கு வந்த 187 முதியவர்களை சைக்கிள் மிதிக்க வைத்தார்கள். 1993-இல் முடிவை வெளியிட்டார்கள்.

பிராணவாயுவைப் பயன்படுத்தும் திறன் குறைவாக இருந்தவர்கள் 55 பேர். அவர்களில் 10 பேர் ஆபரேஷனுக்குப் பிறகு இதயக் கோளாறால் இறந்தார்கள். திறன் நன்றாக இருந்தவர்கள் 132 பேர். அவர்களில் ஒருவர்தான் அப்படி இறந்தார்.

வித்தியாசத்தைப் பாருங்கள். எல்லோருக்கும் பெரிய ஆபரேஷன்தான். ஆனால் உடம்பின் தெம்பு ஒன்று போல இல்லை. இதன் பிறகு பல நாட்டு டாக்டர்களும் இதில் அக்கறை காட்டினார்கள்.

கண்ணால் பார்த்தால் தெரியாதா?

"அனுபவமுள்ள டாக்டர் ஆளைப் பார்த்தே சொல்லிவிடுவாரே" என்று சிலர் நினைக்கலாம். அதையும் ஆராய்ந்தார்கள். கனடா, இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகளில் 25 மருத்துவமனைகள் சேர்ந்தன. 1,401 நோயாளிகளைப் பார்த்தார்கள். 2018-இல் முடிவு வந்தது.

உண்மையில் தெம்பு இல்லாத 100 பேரில் சுமார் 19 பேரைத்தான் டாக்டர்கள் தங்கள் மதிப்பீட்டால் கண்டுபிடித்தார்கள். மீதிப் பேர் தெம்பாகவே தெரிந்தார்கள். ஆனால் அந்த 12 கேள்விகளுக்கு நோயாளிகள் சொன்ன பதில்கள் நன்றாக உதவின. யாருக்கு இதயக் கோளாறு வரலாம் என்பதை அந்தப் பதில்கள் ஓரளவு முன்கூட்டியே காட்டின.

இதிலிருந்து ஒன்று தெரிகிறது. நாம் உண்மை சொன்னால்தான் கணிப்பு சரியாக இருக்கும்.

நம்மில் பலர் உண்மையை மறைத்துவிடுகிறோம். "மூச்சு வாங்குதுன்னு சொன்னா ஆபரேஷன் வேணாம்னு அனுப்பிடுவாங்க" என்று பயப்படுகிறோம். பீடி பிடிப்பதைச் சொல்ல வெட்கப்படுகிறோம். நாட்டு மருந்து சாப்பிடுவதைச் சொன்னால் டாக்டர் திட்டுவார் என்று நினைக்கிறோம். விறகு அடுப்புப் புகையில் முப்பது ஆண்டு இருமியதை ஒரு நோயாகவே நினைப்பதில்லை.

எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். மறைத்தால் ஏமாறுவது டாக்டர் அல்ல. நம் உடம்புதான்.

கணிப்பு தலையெழுத்து அல்ல

அம்மா ஆறு நிமிடத்தில் 260 மீட்டர் நடந்தார். நடுவில் இரண்டு முறை நின்றார். மூச்சு வாங்கியது. ரத்தப் பரிசோதனையில் ரத்தசோகையும் தெரிந்தது.

அம்மாவின் முகம் வாடிவிட்டது. "நான் பரீட்சையில தோத்துட்டேனா டாக்டர்? ஆபரேஷன் கிடையாதா?" என்று கேட்டார். மருமகள் அதை இந்தியில் சொன்னார்.

டாக்டர் சிரித்தார். "இது பாஸ், பெயில் போடும் பரீட்சை இல்லை அம்மா. வானிலை அறிக்கை மாதிரி" என்றார்.

புனேயில் இந்திய வானிலைத் துறையின் பெரிய அலுவலகம் ஒன்று இருக்கிறது. மழை வரலாம் என்று வானிலைத் துறை சொன்னால் நாம் என்ன செய்கிறோம்? வெளியே போகாமல் இருப்பதில்லை. குடை எடுத்துக்கொள்கிறோம். காய வைத்த நெல்லை மூடி வைக்கிறோம். சில நேரம் மழை வராமலும் போகும். அறிக்கை சொல்லாத நாளில் மழை கொட்டுவதும் உண்டு. அதற்காக யாரும் அறிக்கை வேண்டாம் என்பதில்லை.

இந்தப் பரிசோதனையும் அப்படித்தான். "உங்களுக்குச் சிக்கல் வந்தே தீரும்" என்று அது சொல்லாது. "வரவே வராது" என்றும் சொல்லாது. "வருவதற்கு வாய்ப்பு அதிகம், குடை எடுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லும்.

குடை என்பது என்ன? ஆபரேஷனுக்குப் பிறகு தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு படுக்கையைத் தயாராக வைக்கலாம். சிறிய துளை வழியாக ஆபரேஷன் செய்ய முடியுமா என்று பார்க்கலாம். மயக்க மருந்து டாக்டர் அதற்கேற்ற முறையைத் தேர்ந்தெடுக்கலாம். நோய் இடம் கொடுத்தால், சில வாரம் தள்ளி வைத்து உடம்பைத் தேற்றலாம். ஆபத்து மிக அதிகம் என்றால், வேறு சிகிச்சை இருக்கிறதா என்று குடும்பத்தோடு கலந்து பேசலாம்.

உடம்பைத் தேற்றும் நாட்கள்

ஆபரேஷனுக்கு முன்பே உடம்பைத் தேற்ற முடியுமா? முடியும்.

ஸ்பெயின் நாட்டில் பார்சிலோனா என்ற நகரம் இருக்கிறது. பெரிய வயிற்று ஆபரேஷனுக்குக் காத்திருந்த ஆபத்து அதிகமுள்ள நோயாளிகளை அங்கே இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான கவனிப்பு. இன்னொரு பிரிவுக்கு அதோடு உடற்பயிற்சியும். முதல் பிரிவில் 100-க்கு 62 பேருக்குச் சிக்கல் வந்தது. பயிற்சி செய்த பிரிவில் 100-க்கு 31 பேருக்குத்தான் வந்தது. சரி பாதி. இது 2018-இல் வெளிவந்த செய்தி.

அதே ஆண்டில் இன்னொரு செய்தியும் வந்தது. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 441 நோயாளிகளைப் பார்த்தார்கள். பாதிப் பேருக்கு ஆபரேஷனுக்கு முன்பு ஒரே ஒரு பாடம் நடத்தினார்கள். அரை மணி நேரப் பாடம். எப்படி ஆழமாக மூச்சு விடுவது, எப்படி இருமிச் சளியை வெளியேற்றுவது என்று சொல்லிக் கொடுத்தார்கள். மீதிப் பேருக்கு அச்சடித்த சிறு புத்தகம் மட்டும். புத்தகம் மட்டும் வாங்கியவர்களில் 100-க்கு 27 பேருக்கு நுரையீரல் சிக்கல் வந்தது. பாடம் கேட்டவர்களில் 12 பேருக்குத்தான் வந்தது.

மருந்து இல்லை. ஊசி இல்லை. மூச்சு விடக் கற்றுக்கொண்டார்கள். அவ்வளவுதான்.

அம்மா செய்தது

கட்டி உடனே ஆபத்து தரும் நிலையில் இல்லை. மூன்று வாரம் பொறுக்கலாம் என்று டாக்டர் முடிவு செய்தார். மருமகள் ஒரு நோட்டில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்.

தினமும் காலையும் மாலையும் நடை. முதல் நாள் பத்து நிமிடம். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும். பேசிக்கொண்டே நடக்க முடிய வேண்டும். பாட முடியாத அளவு மூச்சு வாங்கலாம். பேச முடியாத அளவு வாங்கக் கூடாது.

மூன்று பந்துகள் உள்ள மூச்சுக் கருவி கொடுத்தார்கள். அதை வாயில் வைத்து உறிஞ்ச வேண்டும். பந்துகள் மேலே எழும்பும். பேரப்பிள்ளைகளுக்கு அது வேடிக்கை. "ஆயா, ரெண்டு பந்து ஏறிடுச்சு! இன்னும் ஒண்ணு!" என்று கூச்சல் போட்டார்கள். ஆளுக்கொரு கருவி என்பதால், அதைப் பிள்ளைகள் வாயில் வைக்க மருமகள் விடவில்லை.

ரத்தசோகைக்கு மருந்து கொடுத்தார்கள். முட்டை, பருப்பு, சுண்டல், வேர்க்கடலை, கீரை சேர்த்துக்கொண்டார்கள். வெற்றிலையோடு போடும் புகையிலையை விடச் சொன்னார்கள். அதுதான் அம்மாவுக்குக் கஷ்டமாக இருந்தது. "அத்தை, மூணு வாரம் மட்டும் விட்டுப் பாருங்க" என்று மருமகள் சொன்னார். மூன்று வாரம் விட்டவருக்குப் பிறகு அது தேவைப்படவில்லை.

மூன்று வாரம் கழித்து அம்மா மறுபடியும் தாழ்வாரத்தில் நடந்தார். இந்த முறை 330 மீட்டர். நடுவில் நிற்கவில்லை.

ஆபரேஷன் நடந்தது. முதல் இரவு தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்தார்கள். மறுநாளே கட்டிலை விட்டு இறக்கி நாலு அடி நடக்க வைத்தார்கள். மூன்றாம் நாள் கொஞ்சம் காய்ச்சல் வந்தது. நெஞ்சில் சளி சேர்ந்திருந்தது. அம்மாவுக்கு என்ன செய்வது என்று தெரியும். வயிற்றில் தலையணையை அணைத்துக்கொண்டார். ஆழமாக மூச்சு இழுத்தார். இருமினார். வலித்தது. ஆனாலும் சளி வெளியே வந்தது. பத்தாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டார்.

படித்துப் பார்த்துக் கையெழுத்து

ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு தாளைக் கொடுத்துக் கையெழுத்துக் கேட்பார்கள். அதுதான் சம்மதக் கடிதம். முன்பெல்லாம் பலர் அதில் கைநாட்டு வைத்தார்கள். என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. அவர்களும் கேட்கவில்லை.

என்ன சிகிச்சை, என்ன ஆபத்து, வேறு வழி உண்டா என்பதை நோயாளிக்குச் சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் சம்மதம் வாங்க வேண்டும். 2008-இல் நம் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பில் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

100 ஆண்டுக்கு முன்னால் காந்தி வலியால் துடித்துக்கொண்டிருந்தார். அப்போதும் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே கையெழுத்துப் போட்டார். நமக்கும் அதுவே வழி. தாள் நமக்குத் தெரியாத மொழியில் இருந்தால் தெரிந்த மொழியில் சொல்லச் சொல்லலாம். தெரிந்த மொழியில் இருந்தால் நாமே படிக்கலாம். எழுத்துக் கூட்டிப் படிக்க நேரமாகும் என்று கூச்சப்பட வேண்டாம். உடம்பு நம்முடையது.

அம்மாவும் அன்று தன் பெயரை எழுதித்தான் கொடுத்தார். ஊரில் அறிவொளி வகுப்பில் கற்றுக்கொண்ட எழுத்து. கை கொஞ்சம் நடுங்கியது. ஆனால் எதற்குக் கையெழுத்துப் போடுகிறோம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

நினைவில் வைப்போம்

பெரிய ஆபரேஷனுக்குத் தேதி குறித்தால், "இதற்கு என் உடம்பு தயாரா?" என்று டாக்டரைக் கேட்போம்.

மூச்சு வாங்குதல், நெஞ்சு வலி, பீடி, சிகரெட், புகையிலை, மது, சாப்பிடும் மருந்துகள் எதையும் மறைக்காமல் சொல்வோம்.

புகையை எவ்வளவு சீக்கிரம் விடுகிறோமோ அவ்வளவு நல்லது. நாலு வாரம் முன்பே விட்டால் மிக நல்லது.

சர்க்கரை நோயும் ரத்தசோகையும் இருந்தால் முன்பே கட்டுப்பாட்டுக்குக் கொண்டு வருவோம்.

நடையும் மூச்சுப் பயிற்சியும் டாக்டர் சொன்னபடி செய்வோம்.

அவசர ஆபரேஷன் என்றால் தாமதிக்க வேண்டாம்.

கலந்து பேசுவோம்

1. கர்ஜத்தில் ரயிலுக்குக் கூடுதல் எஞ்சின் ஏன் மாட்டுகிறார்கள்? உடம்புக்குக் கூடுதல் எஞ்சின் எவை?

2. நம் தெருவில் யாருக்காவது பெரிய ஆபரேஷன் நடந்ததா? அதற்கு முன் என்னென்ன பரிசோதனை செய்தார்கள்? ஆபரேஷனுக்குப் பிறகு என்ன கஷ்டப்பட்டார்கள்?

3. டாக்டரிடம் நாம் எதையெல்லாம் மறைக்கிறோம்? ஏன்?

4. நம் வீட்டில் உள்ளவர்கள் சாப்பிடும் மருந்துகளின் பெயரை ஒரு தாளில் எழுதி வைப்போமா?